வரி மறுத்த ஊரும் துப்பாக்கி தூக்கிய அயலாரும்

காரைக்காலிலிருந்து தெற்கே நாகூர் செல்பவர்கள் வாஞ்சூர் எல்லையில் வண்டிகள் நின்று நின்று நகர்வதைப் பார்த்திருப்பார்கள். சாவடிக் காவலர்கள் பைகளையும் பெட்டிகளையும் திறந்து பார்க்கிறார்கள். அவர்கள் தேடுவது பொன்னையன்று, பெரும்பாலும் சாராயப் புட்டிகளையே. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கம் மதுவுக்கு ஒரு தீர்வை, அந்தப் பக்கம் வேறொரு தீர்வை. 1739-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்த நம் சிறு நிலத்தில் அவர்கள் கொடி 1954-ல் இறங்கிவிட்டது. ஆனால் காரைக்கால் புதுச்சேரிப் பிரதேசத்தின் பகுதியாக இருப்பதால் அந்தக் கோடு மட்டும் அழியவில்லை.

குடியை ஆதரித்துப் பேச நாம் புறப்பட்டுவிட்டதாக நேயர்கள் எண்ண வேண்டாம். அந்தச் சாவடியில் நிற்கும்போதெல்லாம் நம் மனத்தில் ஒரு கேள்வி எழுவதுண்டு. ஓர் ஊரார் "இந்த வரியைக் கொடுக்க மாட்டோம்" என்று ஒருமுகமாகச் சொல்லிவிட்டால் ராஜாங்கம் என்ன செய்யும்? படையை அனுப்பும் என்பீர்கள். சரி, அந்தப் படையில் நிற்கும் ஆட்கள் எங்கிருந்து வருகிறார்கள்? ஆகாயத்திலிருந்து குதிக்கிறார்களா? பக்கத்து ஊரிலிருந்துதானே வர வேண்டும்!

ஐந்தாண்டு இடைவெளியில், பூமியின் இரு கோடிகளில், இந்தக் கேள்விக்கு இரண்டு விடைகள் கிடைத்தன. ஒன்று 1794-ல் அமெரிக்காவில், மற்றொன்று 1799-ல் நமது திருநெல்வேலிச் சீமையில்.

இரண்டு கடன்கள்

இரு கதைகளுக்கும் பொதுவான ஒரு மனிதர் உண்டு. 1781-ம் வருஷம் அக்டோபர் 19-ந் தேதி, அமெரிக்காவில் யார்க்டவுன் என்னுமிடத்தில் காரன்வாலிஸ் பிரபுவின் ஆங்கில சைன்யம் ஜார்ஜ் வாஷிங்டனிடம் சரணடைந்தது. வாஷிங்டனுக்குத் துணையாய் நின்றவை பிரெஞ்சுப் படைகளும் பிரெஞ்சுக் கப்பல்களும். தோற்ற காரன்வாலிஸ் 1786-ல் கவர்னர் ஜெனரலாக இந்தியா வந்து சேர்ந்தார். அங்கே விட்டதை இங்கே பிடிக்க வந்தவர் போல!

யுத்தம் என்றால் செலவு. செலவு என்றால் கடன். வென்ற அமெரிக்கர்களின் தலையில் விடுதலைப் போரின் கடன் மலைபோல் நின்றது. அதை அடைக்க வேண்டும் என்று பொக்கிஷ மந்திரி அலெக்சாந்தர் ஹாமில்டன் 1791-ல் உள்நாட்டில் காய்ச்சும் சாராயத்துக்குத் தீர்வை விதிக்கச் செய்தார்.

இங்கே ஆர்க்காட்டு நவாபு முகம்மதலி தமது யுத்தங்களுக்காகக் கும்பினியாரிடமும் கும்பினி உத்தியோகஸ்தர்களிடமும் கடன்பட்டு, மீள வழியின்றி மூழ்கிக் கிடந்தார். 1792 ஜூலையில் காரன்வாலிஸ் அவருடன் ஓர் உடன்படிக்கை செய்தார். தெற்குப் பாளையக்காரர்கள் நவாபுக்குக் கட்டிவந்த பேஷ்குஷ் என்னும் கப்பத்தை இனிக் கும்பினியே வசூலிக்கலாம் என்பது அதன் சாரம். நவாபு பட்ட கடனுக்குப் பாஞ்சாலங்குறிச்சியில் பணம் கேட்கும் வழி இப்படித்தான் திறந்தது.

மலைக்கு அப்பால் ஒரு கலகம்

அமெரிக்காவில் பென்சில்வேனியா மாகாணத்தின் மேற்கே அலிகெனி மலைத்தொடர் குறுக்கே கிடக்கிறது. அதற்கப்பால் குடியேறிய உழவர்கள் தானியம் விளைவித்தார்கள். விற்க வேண்டுமானால் மலையைத் தாண்டிக் கிழக்கே வர வேண்டும். நல்ல சாலை கிடையாது, பொதிக் குதிரைதான் கதி. ஒரு குதிரை நான்கு மரக்கால் தானியம் சுமக்குமானால், அதே குதிரை இருபத்துநான்கு மரக்கால் தானியத்தைச் சாராயமாக்கிய பீப்பாய்களைச் சுமக்கும். அளவை நம்முடையதாகச் சொன்னோம், கணக்கு அவர்களுடையது. ஆகவே அந்த மக்களுக்குச் சாராயம் குடிப்பதற்கு மட்டுமானதன்று. அது விளைச்சலை விற்கும் வழி. ரொக்கம் அரிதான அந்தப் பக்கத்தில் கூலியும் கடனும் தீர்க்கும் நாணயமும் அதுவே.

புதுச் சட்டமோ தீர்வையை ரொக்கமாகக் கேட்டது. கிழக்கே பட்டணத்தில் பெரிய அளவில் காய்ச்சுகிறவனுக்குக் காலனுக்கு விழும் பங்கு குறைவு, மலைநாட்டுச் சிறு உழவனுக்கு அதிகம். வழக்கு வந்தால் முந்நூறு மைல் தொலைவிலுள்ள பிலடெல்பியா நகரத்துக்குப் போய்ப் பதில் சொல்ல வேண்டும். பிரதிநிதிகளைக் கேளாமல் வரி போடக்கூடாது என்று சொல்லி இங்கிலாந்து அரசனை எதிர்த்தவர்கள் அவர்கள். தேயிலை வரிக்காகக் கும்பினியின் தேயிலைப் பெட்டிகளைப் பாஸ்டன் துறைமுகத்தில் 1773-ல் கடலில் கொட்டிய தேசம் அது. "அரசன் போனான், வரி மட்டும் போகவில்லையா?" என்று அவர்கள் கேட்டதில் வியப்பில்லை.

முதலில் மனுக்கள் போயின. பிறகு வசூல்காரர்களைப் பிடித்து மேனியெங்கும் தார் பூசி இறகு ஒட்டி விரட்டினார்கள். 1794 ஜூலையில் நீதிமன்ற உத்தரவுகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது கலகம் மூண்டது. ஜான் நெவில் என்னும் தீர்வை மேலதிகாரியின் மாளிகையை உழவர் கூட்டம் முற்றுகையிட்டது. அவர்களின் தலைவர் ஜேம்ஸ் மக்பார்லன், விடுதலைப் போரில் பொருதவர். குண்டடிபட்டு அவர் மாண்டார், மாளிகை எரிந்தது. ஆகஸ்டு 1-ந் தேதி பிட்ஸ்பர்க் நகரத்துக்கு அருகே ஒரு மைதானத்தில் ஏறக்குறைய 7,000 பேர் திரண்டார்கள்.

அப்போது வாஷிங்டன் குடியரசுத் தலைவர். அவரிடம் இருந்த நிரந்தரப் பட்டாளம் மிகச் சிறியது. ஆகவே அவர் குடிப்படையை அழைத்தார். குடிப்படை என்பது சம்பளப் பட்டாளம் அன்று. ஏர் பிடிக்கும் உழவனும் செருப்புத் தைப்பவனும் கடைக்காரனும் அழைப்பு வந்தால் துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நிற்பது. சட்டப்படி இதற்கு முதலில் ஒரு நீதிபதியின் அத்தாட்சி வேண்டும். ஜேம்ஸ் வில்சன் என்னும் உச்ச நீதிமன்ற நீதிபதி, சாதாரண நீதிமன்ற முறைகளால் இதை அடக்க முடியாது என்று ஆகஸ்டு 4-ந் தேதி எழுதிக் கொடுத்தார். வாஷிங்டன் கலகக்காரர்களுக்குக் கெடு வைத்தார். சமாதானம் பேசத் தூதரையும் அனுப்பினார். அதே சமயம் நான்கு மாகாணங்களிலிருந்து 12,950 பேரைத் திரட்ட உத்தரவிட்டார்.

படை எளிதில் சேரவில்லை. நியூஜெர்சி, பென்சில்வேனியா, மேரிலாந்து, வர்ஜீனியா ஆகிய அந்த நான்கிலும் தாமாக முன்வந்தவர்கள் போதவில்லை. பெயர் குறித்து ஆள் பிடிக்க வேண்டியதாயிற்று. பிடிக்கப்போன இடங்களில் புதுக் கலகம் எழுந்தது! சாராயத் தீர்வை தங்களைத் தொடாத ஊர்களிலும் மக்கள் சுதந்திரக் கம்பங்களை நட்டு, "எங்கள் அயலார்மேல் நாங்கள் துப்பாக்கி தூக்குவதா?" என்று மறுத்தார்கள். மேரிலாந்தில் குடிப்படைக்கு ஆள் எடுப்பதை எதிர்த்த கலகத்தை அடக்கவே வேறொரு குடிப்படை போக நேர்ந்தது.

ஒருவழியாகச் சேர்ந்த படையைப் பார்வையிட வாஷிங்டன் தாமே புறப்பட்டுப் போனார். படை மலையைத் தாண்டியது. அங்கே எதிர்த்து நிற்க ஒருவரும் இல்லை. பெரும் போர் எதுவும் நடக்கவில்லை. சுமார் இருபது பேர் கைதிகளாகப் பிலடெல்பியாவுக்கு நடத்திச் செல்லப்பட்டார்கள். இருவருக்கு ராஜத்துரோகக் குற்றத்துக்காகத் தூக்குத் தண்டனை விதிக்கப்பட்டது. வாஷிங்டன் இருவரையும் மன்னித்தார்.

பாஞ்சாலங்குறிச்சிக்கு வந்த படை

இனி நம் நாட்டுக்கு வருவோம். பாளையம் என்பதே ஒருவகைக் குடிப்படை ஏற்பாடுதான். மதுரை நாயக்கர் காலத்தில் நாட்டை எழுபத்திரண்டு பாளையங்களாகப் பகுத்தார்கள். பாளையக்காரர் தம் வருமானத்தில் ஒரு பங்கை நாயக்கருக்குக் கட்டி, ஒரு பங்கில் படை வைத்திருந்து, அழைத்தபோது ஆட்களோடு வந்து நிற்க வேண்டும் என்பது முறை. ஊர்க்காவலும் அவர்கள் பொறுப்பு. அதற்காகக் கிராமத்தாரிடம் காவல் வரி வாங்கினார்கள். அந்த வரி எல்லாக் குடிகளுக்கும் இனித்தது என்று நாம் சொல்ல மாட்டோம். பாளையக்காரர்களுக்குள் எல்லைக் கிராமங்களைப் பற்றிய பகைகளும் நெடுங்காலமாய் இருந்தன. பாஞ்சாலங்குறிச்சிக்கும் எட்டயபுரத்துக்கும் இருந்த பகை அவற்றில் ஒன்று.

கும்பினியார் கணக்குப்படி 1798 மே முடிவில் பாஞ்சாலங்குறிச்சி கட்ட வேண்டிய நிலுவை 3,310 வராகன். கலெக்டர் ஜாக்சன் வீரபாண்டிய கட்டபொம்மனைத் தம் முன் வரும்படி உத்தரவிட்டார். வந்தவரை உடனே பார்த்தாரா? இல்லை. கலெக்டர் முகாம் போகும் குற்றாலம், ஸ்ரீவில்லிபுத்தூர் என்று ஊர் ஊராகக் கட்டபொம்மன் தம் பரிவாரத்துடன் பின்தொடர வேண்டியிருந்தது. கடைசியில் செப்டம்பரில் இராமநாதபுரத்தில் பேட்டி கிடைத்தது. அங்கும் நிற்க வைத்தே விசாரணை. தம்மைச் சிறைபிடிக்கப் போகிறார்கள் என்று கண்ட கட்டபொம்மன் வெளியேறியபோது வாசலில் கைகலப்பு மூண்டது. கிளார்க் என்னும் வெள்ளை அதிகாரி மாண்டார். மந்திரி சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டார்.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னையிலிருந்த கும்பினி ஆட்சி இதை விசாரிக்கக் குழு ஒன்றை வைத்தது. ஜாக்சன் நடத்தை சரியன்று என்று கண்டு அவரை வேலையிலிருந்து நீக்கியது. மந்திரியை விடுவித்தது. நியாயம் கேட்கும் காது ஒருகணம் திறந்தது. ஆனால் 1799 மே 4-ந் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு சுல்தான் வீழ்ந்தார். மைசூர் யுத்தம் முடிந்து பட்டாளங்களுக்கு ஓய்வு கிடைத்தது. காது மறுபடி மூடிக்கொண்டது. லூஷிங்டன் என்னும் புதிய கலெக்டர் கட்டபொம்மனை வரச் சொன்னார், அவர் வரவில்லை. மேஜர் பானர்மன் தலைமையில் படை புறப்பட்டது.

அந்தப் படையில் இருந்தவர்கள் யார்? வெள்ளைக்காரர் தொகை சிறிது. மற்றவர்கள் இந்நாட்டில் பிறந்து கும்பினிச் சம்பளம் வாங்கிய சிப்பாய்கள். செப்டம்பர் 5-ந் தேதி பாஞ்சாலங்குறிச்சி மண்கோட்டையின் மேல் நடத்திய முதல் தாக்குதல் தோற்றது. வெள்ளை அதிகாரிகள் சிலர் அங்கேயே விழுந்தார்கள். பாளையங்கோட்டையிலிருந்து மேலும் படை வருமுன் கட்டபொம்மன் கோட்டையை விட்டு வெளியேறினார். அதன் பிறகு வேட்டை பக்கத்துப் பாளையங்களின் கைக்கு மாறியது. துரத்தியவர்கள் எட்டயபுரத்தார். சிவசுப்பிரமணிய பிள்ளை பிடிபட்டு நாகலாபுரத்தில் தூக்கிலிடப்பட்டார். கட்டபொம்மனைப் புதுக்கோட்டைச் சீமையில் பிடித்துக் கொடுத்தவர்கள் தொண்டைமானின் ஆட்கள். காடும் கணவாயும் தெரியாத பானர்மன் தாமாகத் தேடியிருந்தால் எத்தனை மாதம் தேடியிருப்பாரோ!

1799 அக்டோபர் 16-ந் தேதி கயத்தாற்றில், பாளையக்காரர்களை எல்லாம் வரவழைத்து நிறுத்தி, அவர்கள் கண்முன்னே கட்டபொம்மன் ஒரு புளியமரத்தில் தூக்கிலிடப்பட்டார். நாடகத்திலும் 1959-ல் வந்த திரைப்படத்திலும் நாம் கண்டது ஒரு தமிழ் வீரரும் ஒரு வெள்ளைத் துரையும் எதிரெதிரே நிற்கும் காட்சி. பானர்மன் மறுநாள் மேலிடத்துக்கு எழுதிய கடிதம் காட்டும் காட்சி வேறு. கட்டபொம்மன் அஞ்சவில்லை என்று அவரே எழுதுகிறார். விசாரணையின்போது எட்டயபுரத்தாரையும் சிவகிரியாரையும் அவர் இகழ்ச்சியோடு அடிக்கடி நோக்கினாராம். தூக்குமரத்துக்கு நடந்தபோதும் இருபுறமும் நின்ற பாளையக்காரர்களை அவ்வாறே பார்த்துச் சென்றாராம். பேச்சிழந்த தம்பி ஊமைத்துரையைப் பற்றியே கவலைப்பட்டதாகவும், கோட்டையை விட்டு வந்ததற்கு வருந்தியதாகவும் அக்கடிதம் சொல்கிறது. கடைசிப் பார்வை துரைக்கன்று, அயலாருக்கு!

மன்னிப்புக்கும் தூக்குக்கும் நடுவே

இரண்டிடத்திலும் பிணக்கு வரியினால் வந்தது. இரண்டிடத்திலும் அயலாரைக் கொண்டே அடக்கினார்கள். ஓரிடத்தில் மன்னிப்பு, மற்றோரிடத்தில் தூக்குக் கயிறு. ஏன்? வாஷிங்டன் கருணையுள்ளவர், பானர்மன் கல்நெஞ்சர் என்று சொல்லி முடித்துவிடலாம். அது போதாது என்பது நம் எண்ணம்.

பென்சில்வேனியாவில் வரி மறுத்தவனுக்கும் வாக்கு உண்டு, அவனை அடக்கப்போன குடிப்படைக்காரனுக்கும் வாக்கு உண்டு. (அந்நாளில் கறுப்பு அடிமைகளுக்கும் பூர்வகுடிகளுக்கும் அது கிடையாது, பெண்களுக்கும் பொதுவாகக் கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.) நாளைக்கு இருவரிடமும் போய் நிற்க வேண்டிய ராஜாங்கம் இன்று கண்டபடி தூக்குமரம் நாட்ட முடியாது. பின்னால் நடந்ததைப் பாருங்கள். கலகப் பகுதியிலிருந்து அந்த வருஷமே காங்கிரஸ் சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஆல்பர்ட் கல்லட்டின். தீர்வை கூடாது, வன்முறையும் கூடாது என்று கூட்டங்களில் வாதாடியவர் அவர். 1801-ல் அவரே ஹாமில்டன் இருந்த ஆசனத்தில் பொக்கிஷ மந்திரியாக அமர்ந்தார். 1802-ல் சாராயத் தீர்வை ரத்தாயிற்று. துப்பாக்கியால் நிலைநாட்டிய வரியை வாக்குச் சீட்டு எடுத்துவிட்டது.

திருநெல்வேலியில் கட்டபொம்மனுக்கும் வாக்கில்லை, அவரைத் துரத்தியவர்களுக்கும் வாக்கில்லை. கும்பினியார் கணக்குச் சொல்ல வேண்டியது லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்கு. ஆகவே ஒரு தூக்கோடு நிற்கவில்லை. 1801-ல் ஊமைத்துரை பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பி, இடிந்த கோட்டையைச் சில நாட்களில் மறுபடி எழுப்பினார். மே 24-ந் தேதி வரை அது நின்றது. சிவகங்கை மருது சகோதரர்கள் திருச்சிராப்பள்ளியிலும் ஸ்ரீரங்கத்திலும் பிரகடனம் ஒட்டி, எல்லாச் சாதியாரையும் ஒன்றுசேர அழைத்தார்கள். அக்டோபரில் அவர்கள் திருப்பத்தூரிலும், நவம்பரில் ஊமைத்துரை பாஞ்சாலங்குறிச்சியிலும் தூக்கிலிடப்பட்டார்கள்.

உதவி செய்தவர்கள் என்ன கண்டார்கள்? பாளையக்காரர்களின் படை வைக்கும் உரிமை போயிற்று. ஊர்க்காவல் உரிமையும் போயிற்று. துணை நின்ற பாளையங்களும் வரி கட்டும் ஜமீன்களாயின. அயலானைப் பிடிக்க நீட்டிய கையிலிருந்தே ஆயுதத்தை வாங்கிக்கொண்டார்கள்!

நம் பக்கமும் இதற்குத் தப்பவில்லை. கயத்தாற்றுத் தூக்குக்கு ஒன்பதாம் நாள், 1799 அக்டோபர் 25-ந் தேதி, தஞ்சை மன்னர் சரபோஜி தம் நாட்டின் ஆட்சியைக் கும்பினிக்கு எழுதிக் கொடுத்தார். காரைக்காலும் அப்போது ஆங்கிலேயர் கையில் இருந்தது. 1793-ல் பிடித்ததை 1817-ல்தான் பிரெஞ்சுக்காரரிடம் திருப்பித் தந்தார்கள். தந்தபோதும் சும்மா தரவில்லை. 1818-ல் செய்த உடன்படிக்கைப்படி பிரெஞ்சு எல்லைக்குள் உப்பு விளைவிப்பது நின்றது. உப்பளக்காரர்களுக்கு ஈடாக வருஷத்துக்கு 4,000 வராகன் கொடுக்க ஏற்பாடாயிற்று. அங்கே உப்பு வரி கெடாமலிருக்க, இங்கே உப்பு விளைவதையே நிறுத்தினார்கள்.

அயலார் கை மடக்கிய நாள்

அந்த உப்பு வரியே மூன்றாவது விடைக்கு வழிவைத்தது. 1930 ஏப்ரல் 13-ந் தேதி ராஜாஜி நூறு பேரளவில் தொண்டர்களுடன் திருச்சிராப்பள்ளியிலிருந்து புறப்பட்டார். நம் ஊருக்குத் தெற்கே, இதே கடற்கரையிலுள்ள வேதாரண்யத்துக்கு 28-ந் தேதி போய்ச் சேர்ந்தார். வழியிலே தஞ்சாவூர் ஜில்லா கலெக்டர் தார்ன் துரை ஓர் உத்தரவு போட்டார். தொண்டர்களுக்குச் சோறோ இடமோ கொடுப்பவர்கள் தண்டிக்கப்படுவார்கள் என்பதே அது. படை திரட்டும் பழைய வேலையின் மறுவடிவமே இது. அயலார் துப்பாக்கி தூக்க வேண்டாம், கதவைச் சாத்திக்கொண்டால் போதும்!

கதவு சாத்தப்படவில்லை. கலெக்டரின் ஆட்கள் காணாதபடி மரக்கிளைகளில் சோற்று மூட்டைகள் தொங்கின என்று இன்றும் சொல்கிறார்கள். உத்தரவை மீறி வெளிப்படையாக உணவளித்துச் சிறை சென்றவர்களும் உண்டு. வேதாரண்யத்தில் வைரப்பன் என்னும் நாவிதர், தம் முன் உட்கார்ந்திருப்பவர் போலீஸ்காரர் என்று தெரிந்ததும் பாதி முகத்தோடு சவரத்தை நிறுத்திவிட்டார். வேலையை முடிக்கும்படி சொன்ன நீதிபதியிடம், வேண்டுமானால் தாங்களே செய்துகொள்ளலாம் என்று கத்தியை நீட்டினாராம். சிறை சென்ற அவருக்கு அவ்வூரில் நினைவுத்தூண் நிற்கிறது.

எட்டயபுரத்தின் மேல் நாம் பழி சுமத்தி முடிக்கவும் நியாயமில்லை. 1882-ல் அவ்வூரில் பிறந்தவரே பாரதியார். பாஞ்சாலங்குறிச்சிக்கு அடுத்த ஒட்டப்பிடாரத்தில் 1872-ல் பிறந்தவர் வ. உ. சிதம்பரம் பிள்ளை. பகைத்து நின்ற இரண்டு சீமைகளின் பிள்ளைகளும் ஒரே அணியில் நின்றார்கள். 1908-ல் அடக்குமுறை வந்தபோது ஒருவர் சிறைக்குப் போனார், மற்றவர் பிரெஞ்சுக் கோட்டைத் தாண்டிப் புதுச்சேரிக்கு வந்தார். அந்தக் கோடு அன்று ஒரு நல்ல காரியமும் செய்தது!

இன்று வரி விதிப்பவர்கள் நாம் அனுப்பிய பிரதிநிதிகள். கசந்தால் மாற்றிக்கொள்ளும் சீட்டு நம் கையில் இருக்கிறது. வாஞ்சூர்ச் சாவடியில் வண்டி நிற்கும் சிறு பொழுதில் சலித்துக்கொள்ளும் நேயர்கள், நம் பையைத் திறந்து பார்க்கும் காவலரும் நம்மைப் போலவே வாக்களிக்கிறவர் என்பதை நினைத்துக்கொள்ளலாம். கயத்தாற்றில் அன்று வரிசையாய் நின்ற பாளையக்காரர்களில் ஒருவருக்கும் அந்த உரிமை இருந்ததில்லை.